எதிர்த்தரப்பு வக்கீலோடு சிரித்துப் பேசலாமா?

உரிமையியல் வழக்கு நடத்தும் வக்கீல்கள் எல்லோருக்கும் இந்தப் பார்வை பழக்கமானதுதான். நீதிமன்ற வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலோடு நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். பத்தடி தள்ளி நம் கட்சிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது ஒன்றும் சொல்ல மாட்டார். மாலையில் சேம்பருக்கு வந்து உட்கார்ந்ததும், "அந்த வக்கீலும் நீங்களும் ரொம்ப நாள் பழக்கமா சார்?" என்று சுற்றி வளைத்து ஆரம்பிப்பார். ஆள் விலைபோய்விட்டாரோ என்பதுதான் அவர் கேட்க நினைப்பது.

இந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை. வீட்டையோ நிலத்தையோ வைத்து வழக்காடுகிற மனிதருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். பதில் சொல்லாமல் மழுப்பினால் அது உள்ளுக்குள்ளேயே வளரும். அதனால் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே சொல்லிவிடுவேன்: "எதிர்த்தரப்பு வக்கீலிடம் நான் மரியாதையாகத்தான் நடந்துகொள்வேன். அவர் அவகாசம் கேட்டு, அதனால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்றால் கொடுப்பேன். நஷ்டம் வரும் என்றால் உங்களைக் கேட்காமல் ஒரு நாள்கூடக் கொடுக்க மாட்டேன். வழக்கில் எதை விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் முடிவு. கோர்ட்டில் நான் எப்படிப் பேசுவது என்பது என் முடிவு." இதைக் கேட்டுவிட்டு வேறு வக்கீலைத் தேடிப் போனவர்களும் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் கோர்ட்டில் கண்ணெதிரே அது நடக்கும்போது பொறுத்துக்கொள்வது அவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல.

ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய வேண்டிய நாள். வழக்கை அழைத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை, அவருடைய ஜூனியரும் இல்லை. நீதிபதி என்னைப் பார்த்தார். நான் சும்மா நின்றிருந்தாலே போதும், எக்ஸ்பார்ட்டி ஆகியிருக்கும், அதாவது அவர்கள் தரப்பு இல்லாமலே வழக்கு நடந்திருக்கும். ஆனால் அன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட்டைக் காலையிலேயே பார்த்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீலான அந்த அம்மாவுக்கு மாடியில் இன்னொரு கோர்ட்டில் பாதியில் நிற்கும் குறுக்கு விசாரணை இருந்தது. அதைச் சொல்லி, பாஸ் ஓவர் கொடுக்கும்படி, அதாவது வழக்கை அன்றே கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைக்கும்படி, நானே கேட்டேன். மதியத்துக்கு முன்பு அவர் மூச்சிரைக்க வந்தார், பதிலுரையைத் தாக்கல் செய்தார், வழக்கு அடுத்த கட்டத்துக்குப் போனது.

வெளியே வந்ததும் என் கட்சிக்காரர் கொதித்துவிட்டார். "வராதவங்களை நீங்க ஏன் சார் காப்பாத்தணும்?"

அவரை உட்காரவைத்து, எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 7-இன் கீழ் எக்ஸ்பார்ட்டியை நீக்கக் கோரி அவர்கள் ஒரு மனு போடுவார்கள். அதற்கு நாம் கவுண்டர் (எதிர்மனு) போட வேண்டும். விசாரணை நடக்கும். அதற்குள் டிக்ரியே (தீர்ப்பாணையே) ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கோரி விதி 13-இன் கீழ் மனு. அதற்கு 30 நாள் கெடு. அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. மனு தள்ளுபடியானால் அதை எதிர்த்து மேல்முறையீடு. அத்தனையும் நடந்து முடிந்து, கடைசியில் ஏதோ ஒரு செலவுத்தொகையைக் கட்டச் சொல்லி, அதே பதிலுரையை அதே கோர்ட்டில் வாங்கிக்கொள்வார்கள். நடைமுறைச் சட்டம் ஆட்களை இடறி விழவைப்பதற்காக இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1955-இலேயே சங்கராம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீல் வராததற்குத் தவறே செய்யாத கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் சொன்னது. அப்படியிருக்க, மாடியில் வேறு கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார் என்ற காரணத்தை எந்த நீதிபதி ஏற்காமல் போவார்? எக்ஸ்பார்ட்டியால் என் கட்சிக்காரருக்குக் கிடைத்திருக்கக் கூடியது ஒரு நாள் சந்தோஷம். போயிருக்கக் கூடியது பல மாதங்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அவர் சமாதானமானார்.

இதில் ஒரு வித்தியாசத்தை இளம் வக்கீல்கள் கவனிக்க வேண்டும். நான் கேட்டது பாஸ் ஓவர்தான், வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைக்கும் வாய்தா இல்லை. வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று கட்டளை 17, விதி 1-லேயே இருக்கிறது. வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு மணி நேரம் காத்திருப்பதற்கும் இரண்டு மாதம் தள்ளிப்போவதற்கும் உள்ள தூரத்தை மனதில் வைத்துக்கொண்டால், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கொடுக்கக் கூடாத இடம் ஒன்றையும் சொல்கிறேன். இன்னொரு வழக்கில் எதிர்த்தரப்பு, எங்களுக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை உத்தரவு வாங்கிவிட்டது. அப்படி வாங்கினால் அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பது கட்டளை 39, விதி 3ஏ. ஆனால் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த வக்கீல். நல்ல மனிதர்தான், பழக்கமானவர்தான். ஆனால் அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் என் கட்சிக்காரரின் கட்டட வேலை நின்றுகிடந்தது. அங்கே நான் மரியாதை என்ற பெயரில் தலையாட்டினால் அது என் கட்சிக்காரரின் பணத்தில் நான் செய்யும் தானம். அதனால் விசாரணைக்கு முந்தின நாள் மாலை அவருக்கு போன் செய்தேன். "சார், நாளைக்கு வாய்தா கேட்டால் கண்டிப்பாக எதிர்ப்பேன். என் தரப்பு தயார். நீங்களும் தயாராக வந்துவிடுங்கள்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சொன்னதுக்கு நன்றி சார், பார்த்துக்கறேன்" என்றார். மறுநாள் வந்து முழுதாக வாதாடினார்.

மறுப்பதும் மரியாதையோடு செய்யக் கூடியதுதான் என்று நான் நம்புவது இதனால்தான். முதல் நாள் போனில் சரி சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் நீதிபதி முன்னால் எழுந்து எதிர்ப்பு தெரிவிப்பதுதான் மன்னிக்க முடியாதது. ஒரு வக்கீல் மூன்று வாய்தாவை எதிர்த்தாலும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு முறை சொன்ன சொல் மாறினால் வக்கீல்கள் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும், பல வருடம் மறக்காது.

இந்த சொல் காப்பாற்றும் விஷயம் வெறும் நல்ல பழக்கம் மட்டும் இல்லை. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் கீழ் இந்திய வழக்கறிஞர் மன்றம் வகுத்த நடத்தை விதிகளில் 35-ஆவது விதி அதைத்தான் சொல்கிறது. எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நியாயமான வாக்குறுதியை, அது எழுத்தில் இல்லாவிட்டாலும், கோர்ட் விதிகளின்படி கட்டாயப்படுத்த முடியாவிட்டாலும், நிறைவேற்ற வக்கீல் தன்னால் முடிந்ததைச் செய்ய வேண்டும். அதற்கு முந்தின 34-ஆவது விதி, வக்கீல் வைத்திருக்கும் எதிர்த்தரப்பு ஆளோடு நாம் நேரடியாக வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, அவருடைய வக்கீல் வழியாகத்தான் பேச வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், இரண்டு தரப்புக்கும் நடுவே இருக்கும் ஒரே பாதை இரண்டு வக்கீல்களும் பேசிக்கொள்வதுதான் என்பது விளங்கும். அவர்கள் முறைத்துக்கொண்டால் பாதை அடைபட்டது. அப்புறம் சமரசம் எங்கிருந்து வரும்?

போனில் ஒத்துக்கொண்டதை அன்றே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுவது என் வழக்கம். "இன்று பேசியபடி, பிரமாண வாக்குமூலத்தின் நகலை வெள்ளிக்கிழமை தருகிறேன், நீங்கள் அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை ஆரம்பிக்கிறீர்கள்." இவ்வளவுதான். நம்பிக்கை இல்லாததால் செய்வது என்று யாரும் எடுத்துக்கொண்டதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கோர்ட், எத்தனை வழக்கு ஏறி இறங்குகிறோம்? மறதியால் வரும் சண்டையை இது தடுக்கிறது.

வழக்குக்கு முன்பு எதிராளிக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வக்கீல்களுக்கு நடுவே கசப்பு ஆரம்பிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். கட்சிக்காரர் கொதிப்போடு வருவார். எதிராளியை மோசடிப் பேர்வழி, பொறுக்கி என்று எழுதச் சொல்வார். காரமாக எழுதினால்தான் வக்கீல் நம் பக்கம் நிற்கிறார் என்று அவருக்குத் தோன்றும். அதே நடத்தை விதிகளில் நான்காவது விதி இங்கே தெளிவாக இருக்கிறது: வக்கீல் கட்சிக்காரரின் வெறும் வாய் அல்ல, கடிதத்தில் அடக்கமான மொழியைப் பயன்படுத்துவதில் தன் சொந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும். வழக்குரையில் அவசியமில்லாத அவதூறு இருந்தால் அதை நீக்கச் சொல்ல உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 6, விதி 16 இருக்கிறது. ஆனால் நோட்டீஸிலிருந்து எந்த வரியையும் நீக்க முடியாது. அது தபாலில் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு சான்றாவணமாகக் குறியிடப்பட்டு, வழக்கு முடியும்வரை ஃபைலில் இருக்கும்.

அண்ணன் தம்பி இருவருக்கு நடுவே ஒரு பாகப்பிரிவினை வழக்கு. நான் தம்பிக்கு ஆஜரானேன். வழக்கு ஆரம்பிக்கும் முன்பு அண்ணன் தரப்பிலிருந்து வந்த பதில் நோட்டீஸில், தாயாரைக் கடைசிக் காலத்தில் பட்டினி போட்டவர் என்று என் கட்சிக்காரரைப் பற்றி ஒரு வரி இருந்தது. சொத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்னாளில் கோர்ட் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 89-இன் கீழ் சமரச மையத்துக்கு அனுப்பியது. அளவு, எல்லை, யாருக்கு எந்தப் பக்கம் என்று எல்லாவற்றிலும் இருவரும் நெருங்கி வந்துவிட்டார்கள். கையெழுத்து போடும் நேரத்தில் என் கட்சிக்காரர் அந்தப் பழைய நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. அந்த ஒரு வரிக்குக் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தார். "இதை எழுதினவங்களோட நான் எப்படி சார் கையெழுத்து போடுறது?" என்றார். அன்று சமரசம் நடக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் ஜூனியர்களுக்கு அடிக்கடி சொல்வேன். எதிர்த்தரப்பில் இப்போது வேறு வக்கீல் இருந்தார். நான் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கட்சிக்காரரிடம் பேசி, அடுத்த அமர்வில் அந்த வரியை வருத்தத்தோடு திரும்பப் பெறுவதாக அண்ணனையே சொல்லவைத்தார். அதற்கு அவர் எவ்வளவு பேசியிருக்க வேண்டும் என்பதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. சட்டத்தில் அதற்கு இடம் ஒன்றும் இல்லை, அவருக்கு அதனால் ஃபீஸும் கூடவில்லை. வழக்கு முடிந்தது.

எனவே, காட்டமான நோட்டீஸ் கேட்கும் கட்சிக்காரரிடம் நான் ஒன்று கேட்பேன்: "இந்த வரியை நீதிபதி உரக்கப் படித்தால் உங்களுக்கு என்ன லாபம்?" பெரும்பாலும் பதில் இருக்காது. பிறகு தேதி, தொகை, ஆவணம், கோரிக்கை என்று நான்கையும் மட்டும் வைத்து எழுதிக் காட்டுவேன். அடைமொழிகளை எடுத்துவிட்டால் நோட்டீஸ் இன்னும் கனமாகத்தான் ஆகிறது. பதில் எழுதுகிறவருக்குப் பிடித்துத் தொங்க எதுவும் கிடைக்காது.

காகிதங்களைக் கொடுப்பதிலும் ஒருவரின் தரம் தெரிந்துவிடும். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் தடை உத்தரவு வாங்கினால், மனு, அஃபிடவிட், வழக்குரை, ஆவண நகல்கள் எல்லாவற்றையும் உடனே கொடுக்க வேண்டும், கொடுத்ததாக அன்றோ மறுநாளோ அஃபிடவிட் போட வேண்டும் என்பது சட்டம். சிலர் ஆவணங்களில் நடுப்பக்கம் இல்லாத, படிக்கவே முடியாத ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு "கொடுத்தாச்சு" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும், நீதிபதியும் கொடுப்பார். நஷ்டம் யாருக்கு? நான் பக்க எண் போட்டு, பட்டியல் வைத்து, தெளிவான நகலாகக் கொடுப்பேன். வாதத்தில் காட்டப்போகும் தீர்ப்புகளின் பட்டியலையும் முந்தின நாளே அனுப்பிவிடுவேன். அவற்றைப் படித்து எனக்கு எதிராக வாதாடுவாரே என்று ஜூனியர்கள் பதறுவார்கள். படிக்கட்டும். அப்போதுதான் வாதம் தீர்ப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி இருக்கும். "எனக்கு நகல் வரவில்லை" என்ற சண்டையில் அரை மணி நேரம் போகாது. நமக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நமக்குத் தெரிந்தும் மறைப்பது நீதிமன்றத்தையே ஏமாற்றுவது. அதை எடுத்துச் சொல்லி, நம் வழக்கு எப்படி வேறுபடுகிறது என்று காட்டுவதுதான் வழி.

வக்காலத்து மாறும்போது மனக்கசப்பு வராமல் இருப்பது கொஞ்சம் கடினம். ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கும் வழக்கில் அவர் சம்மதம் இல்லாமல் நாம் நுழையக் கூடாது. சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். இது வழக்கறிஞர் மன்ற நடத்தை விதிகளில் 39-ஆவது. கட்சிக்காரர் "அவர் சரியில்ல சார், நீங்க பாருங்க" என்று ஃபைலோடு வந்ததும் நான் முதலில் செய்வது பழைய வக்கீலுக்கு போன் செய்வதுதான். ஃபீஸ் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்கும்படி கட்சிக்காரரிடம் சொல்வேன். அதே நேரத்தில், ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. திருப்பித் தராமல் இருப்பது தொழில் ஒழுங்கீனம். இந்தத் தீர்ப்பை நான் யார் முகத்துக்கு முன்னாலும் நீட்டியதில்லை, நீட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. "சார், நீங்கள் போட்ட வழக்குரை நன்றாக இருக்கிறது, அதன்படியே கொண்டுபோகிறேன்" என்று உண்மையாகவே சொல்ல முடிந்த இடங்களில் சொல்லியிருக்கிறேன். பழைய வக்கீலைக் குறைசொல்லும் கட்சிக்காரரோடு சேர்ந்து நாமும் தலையாட்டாமல் இருந்தாலே பெரிய விஷயம். கட்டு கைக்கு வந்ததும் என்னென்ன அசல் ஆவணங்கள் வந்தன என்று பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்து போட்டுக்கொள்வோம். பின்னால் ஒரு பத்திரம் காணவில்லை என்றால் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எதிரில் இருப்பவர் மரியாதை தெரியாதவராக இருந்தால்? அப்படியும் நிறையப் பேர் உண்டு. நாம் பேசும்போது குறுக்கே பேசுவார்கள், சிரிப்பார்கள், சொல்லாத தகவலைச் சொன்னதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பலன் தந்தது ஒன்றுதான்: அவரைப் பார்த்துப் பேசாமல் நீதிபதியைப் பார்த்தே பேசுவது. "என் நண்பர் முடிக்கட்டும், பிறகு நான் தொடர்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அறையில் ஒரே ஒருவர் மட்டும் கத்திக்கொண்டிருப்பது சீக்கிரமே எல்லோருக்கும் கேட்க ஆரம்பித்துவிடும். கடிதத்தில் திட்டியிருந்தால், அதிலுள்ள தகவல்களுக்கு மட்டும் பதில் எழுதுவேன். திட்டுக்குப் பதில் எழுதுவதில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணையில் அவமானப்படுத்தும் கேள்வி வந்தால் அது வேறு விஷயம். அங்கே உடனே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். ஆபாசமான, இழிவுபடுத்தும் கேள்விகளைத் தடுக்கும் அதிகாரத்தை சாட்சியச் சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. பொறுமை என்ற பெயரில் நம் சாட்சியைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

ஜூனியர்களிடம் சிலர் பேசும் விதம்தான் எனக்கு உண்மையிலேயே வலிக்கும் விஷயம். சமமான வக்கீலிடம் பார்த்துப் பேசுகிறவர்கள்கூட, எதிரில் புதிதாகக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றால் குரலை மாற்றிவிடுகிறார்கள். என் ஜூனியர் ஒருமுறை ஒரு மனுவில் வாதாடிக்கொண்டிருந்தபோது, எதிர்த்தரப்பில் இருந்த மூத்தவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இதெல்லாம் எந்தக் காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. கையில் இருந்த தாளின் ஓரம் நடுங்கியது. பிறகு தானே சமாளித்துக்கொண்டு வாதத்தை முடித்தாள்.

கோர்ட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுடைய வாதம், நான் நடுவில் எழுந்தால் அவளை இன்னும் சின்னவளாக ஆக்கியிருப்பேன். மதிய இடைவேளையில் லைப்ரரியில் அந்த மூத்தவரைத் தனியாகப் பார்த்தேன். "சார், அவள் வாதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கிழியுங்கள். அவளைக் கிழிக்காதீர்கள். நாளைக்கு உங்கள் ஜூனியர் என் எதிரில் நிற்பார்" என்றேன். முகம் கறுத்தது. பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த விசாரணையில் அவளைப் பெயர் சொல்லி, "மேடம் சொன்ன இரண்டாவது பாயிண்டுக்கு என் பதில்" என்று ஆரம்பித்தார். அதைக் கேட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

ஜூனியர்களுக்கு இதையெல்லாம் வகுப்பு எடுத்துப் புரியவைக்க முடியாது. நாம் போனில் எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசும்போது பக்கத்தில் இருக்கவைக்க வேண்டும். போனை வைத்த பிறகு அவரைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்பதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள். எனவே நான் என் அறையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீலைப் பெயரோடு 'சார்', 'மேடம்' சேர்த்துத்தான் குறிப்பிட வேண்டும், அவர் இல்லாத நேரத்திலும். குமாஸ்தாவுக்கும் அதே விதி. கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் கண்டிப்பாக. ஆரம்பத்தில் சில கட்சிக்காரர்களுக்கு அது உறுத்தும். இரண்டு மூன்று வாய்தா போனதும் அவர்களே, "அந்த மேடம் இன்னைக்கு வந்திருக்காங்களா சார்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.